ராணுவப் பயிற்சிக்குக் கல்லூரி கிரெடிட்: எத்தனை என்பதைவிட எந்த இடத்தில் என்று கேளுங்கள்

கேள்வி இது: "அண்ணன் மகன் அமெரிக்கத் தரைப்படையில் நான்கு வருடம் மெடிக்காக (68டபிள்யூ, போர்க்கள மருத்துவ உதவியாளர்) இருந்துவிட்டு வெளியே வந்திருக்கிறான். நர்சிங் பட்டம் படிக்க ஆசைப்படுகிறான். ராணுவப் பயிற்சிக்காக ஒரு கல்லூரி 41 கிரெடிட் தருவதாகச் சொல்கிறது, இன்னொன்று 9 மட்டுமே என்கிறது. எதை நம்புவது? வெளியே வந்தபின் அவன் எடுத்த செக்யூரிட்டி பிளஸ் என்ற கணினிப் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் ஏதாவது கிடைக்குமா?"

இரண்டு கல்லூரியும் உண்மையையே சொல்லியிருக்கக்கூடும். கிரெடிட் என்பது பட்டம் பெறச் சேர்க்க வேண்டிய பாட அலகு. 41 என்பது அவருடைய பதிவில் ஏற்றப்போகும் கிரெடிட். 9 என்பது நர்சிங் பட்டத்துக்குள் உண்மையில் கழிபடும் கிரெடிட்டாக இருக்கலாம். பதிவில் ஏறுவது வேறு, பட்டத்தில் கழிவது வேறு. அதனால் இரண்டு இடத்திலும் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "இந்தப் பட்டத்தை முடிக்க இன்னும் எத்தனை கிரெடிட் படிக்க வேண்டும்?" 41 தரும் கல்லூரி 116 என்றும், 9 தரும் கல்லூரி 111 என்றும் பதில் சொன்னால், குறைவாகத் தந்த இடமே அதிகம் தந்திருக்கிறது. இப்படி நடப்பது அபூர்வம் இல்லை.

காரணம் பட்டத்தின் அமைப்பில் இருக்கிறது. இளநிலைப் பட்டம் வழக்கமாக 120 செமஸ்டர் கிரெடிட். பொதுக் கல்வி, மேஜர் (முதன்மைப் பாடம்), விருப்பப் பாடம் என்று மூன்று பெட்டிகளில் அது பிரிந்திருக்கும். வணிக நிர்வாகம், பொதுப் படிப்புகள் (ஜெனரல் ஸ்டடீஸ்) போன்ற பட்டங்களில் விருப்பப் பாடப் பெட்டி பெரிது. 30 கிரெடிட்கூட இருக்கும். ராணுவக் கிரெடிட்டை அங்கே தாராளமாக இறக்கிவிடலாம். நர்சிங், பொறியியல் போன்றவற்றில் அந்தப் பெட்டி ஏறக்குறைய காலி. உடற்கூறியல், நுண்ணுயிரியல், வேதியியல், மருத்துவமனைப் பயிற்சி என்று ஒவ்வொரு இடமும் பெயர் எழுதி நிரப்பப்பட்டிருக்கும். தலைமைத்துவம், வரைபட வாசிப்பு என்று வரும் கிரெடிட்டுகளை வைக்க அங்கே இடமே கிடையாது.

இந்தக் கிரெடிட் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பேரம் பேசுவது எளிது. அமெரிக்கக் கல்விக் கவுன்சில், சுருக்கமாக ஏ.சி.இ, 1945 முதல் ராணுவப் பயிற்சிகளை மதிப்பிட்டு வருகிறது. கல்லூரிப் பேராசிரியர்கள் அடங்கிய குழு ஒரு பயிற்சியின் பாடத்திட்டம், நேரம், தேர்வு முறை எல்லாவற்றையும் பார்த்து, "இது முதலுதவியில் இத்தனை செமஸ்டர் கிரெடிட்டுக்குச் சமம்" என்று பரிந்துரை எழுதும். ஒவ்வொரு பயிற்சிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. தரைப்படைப் பயிற்சி என்றால் 'ஏஆர்', கடற்படை 'என்வி', மரீன் 'எம்சி', கடலோரக் காவல்படை 'சிஜி' என்று தொடங்கும். பயிற்சிகள் மட்டுமல்ல, சில பணிப்பிரிவுகளும் திறன் நிலை வாரியாக மதிப்பிடப்பட்டிருக்கின்றன. அதனால் ஒரே பணிப்பிரிவில் சார்ஜென்ட்டுக்குக் கிடைக்கும் பரிந்துரை புதிதாகச் சேர்ந்தவருக்குக் கிடைப்பதைவிட அதிகமாக இருக்கலாம்.

பரிந்துரையோடு நிலையும் குறிக்கப்பட்டிருக்கும்: தொழிற்சான்றிதழ் நிலை, கீழ்நிலை இளங்கலை (முதல் இரண்டு ஆண்டு), மேல்நிலை இளங்கலை (மூன்றாம், நான்காம் ஆண்டு), முதுநிலை. இதைப் பலர் பார்ப்பதில்லை. பல கல்லூரிகள் தொழிற்சான்றிதழ் நிலைக் கிரெடிட்டை இளங்கலைப் பட்டத்துக்கு ஏற்பதில்லை. மேல்நிலைக் கிரெடிட் கையில் இருந்தால் அதற்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் பெரும்பாலான பட்டங்களில் குறைந்தபட்சம் இத்தனை மேல்நிலைக் கிரெடிட் வேண்டும் என்ற நிபந்தனை உண்டு.

ஏ.சி.இ தருவது பரிந்துரை மட்டுமே. ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தக் கல்லூரியின் உரிமை. சேவை செய்த வருடங்களுக்குக் கிரெடிட் என்று ஒன்று கிடையாது, சில மாநிலச் சட்டங்கள் தவிர. கற்றதற்குத்தான் கிரெடிட். போர்முனையில் மூன்று முறை இருந்துவந்தவருக்கும் முகாமிலேயே இருந்தவருக்கும் ஒரே பயிற்சி என்றால் ஒரே பரிந்துரைதான் வரும். இது அநியாயமாகத் தோன்றும், அந்த வருத்தம் புரிகிறது. ஆனால் கல்லூரியிடம் பேசும்போது "இவ்வளவு உழைத்தேன்" என்பது எடுபடாது. "இந்தப் பாடத்தில் நீங்கள் சொல்லித்தருவது எனக்கு ஏற்கெனவே தெரியும், இதோ ஆதாரம்" என்பதே எடுபடும்.

முதல் ஆவணம் ஜே.எஸ்.டி. கூட்டுப் படைகளுக்கான டிரான்ஸ்கிரிப்ட், அதாவது கல்விப் பதிவேடு இது. தரைப்படை, கடற்படை, மரீன், கடலோரக் காவல்படை நான்குக்கும் பொது. முன்பு தரைப்படைக்கும் கடற்படைக்கும் தனித்தனியாக இருந்தவற்றின் இடத்தில் வந்தது. இலவசம். சேவையை விட்டு வந்தவர்களும் இணையத்தில் கணக்குத் திறந்து பார்க்கலாம். தாமே அச்செடுத்த பிரதி வாசித்துப் பார்க்க மட்டும்தான். கல்லூரிக்கு அதிகாரபூர்வப் பிரதி அந்தத் தளத்திலிருந்தே நேரடியாக மின்வழியில் போக வேண்டும். அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, பிறகு "உங்கள் டிரான்ஸ்கிரிப்ட் வரவில்லையே" என்ற பதிலைக் கேட்பவர்கள் நிறையப் பேர்.

விமானப்படை, விண்வெளிப்படைக்காரர்கள் இதில் வரமாட்டார்கள். அவர்களில் சிப்பாய் நிலையினருக்கு 1972இல் தொடங்கிய விமானப்படைச் சமூகக் கல்லூரி இருக்கிறது. அலபாமாவில் மாக்ஸ்வெல் தளத்தில் இருக்கும் அது அங்கீகாரம் பெற்ற உண்மையான கல்லூரி. அதன் டிரான்ஸ்கிரிப்டில் வருவது பரிந்துரை அல்ல, கல்லூரிக் கிரெடிட்டேதான். அதனால் மற்ற கல்லூரிகள் கொஞ்சம் எளிதாக ஏற்கின்றன. அதேபோல் மான்ட்டரேயில் உள்ள பாதுகாப்புத் துறை மொழிக் கல்வி நிலையத்தில் படித்தவர்கள் அங்கிருந்து தனி டிரான்ஸ்கிரிப்ட் வாங்க வேண்டும். ஜே.எஸ்.டி மட்டும் அனுப்பிவிட்டு அதை மறந்தால் பெரிய இழப்பு, ஏனென்றால் மொழிப் பயிற்சி பல பட்டங்களில் பொதுக் கல்வி நிபந்தனையையே தீர்த்துவிடும்.

ஜே.எஸ்.டி வந்ததும் வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். ராணுவப் பயிற்சிகள், பணி அனுபவம், எழுதிய தேர்வுகள் என்று பகுதிகள் இருக்கும். கடைசிப் பகுதி ஒன்றில், கிரெடிட் பரிந்துரை இல்லாத பிற பயிற்சிகள் காரணக் குறியீட்டோடு வரும். அந்தக் குறியீட்டை அவசியம் பார்க்க வேண்டும். "மதிப்பிடப்பட்டது, கிரெடிட் தகுதி இல்லை" என்பது ஒன்று. "ஏ.சி.இ இதை மதிப்பிடவே இல்லை" என்பது வேறொன்று. இரண்டாவது வகைதான் பின்னால் கல்லூரியிடம் தனியாக மனுப்போட உதவும் சரக்கு.

தவறுகளும் வரும். படித்த பயிற்சி விடுபட்டிருக்கும், முடித்த தேதி மாறியிருக்கும். தேதி சின்ன விஷயம் அல்ல. ஒரு பயிற்சியின் பரிந்துரை குறிப்பிட்ட காலத்துக்குத்தான் செல்லும். பாடத்திட்டம் மாறினால் புதிய மதிப்பீடு, புதிய எண்ணிக்கை. தேதி ஓர் ஆண்டு தள்ளிப்போயிருந்தால் பழைய, குறைந்த பரிந்துரை வந்து உட்காரும். திருத்த, பயிற்சி முடித்த சான்றிதழோ, தரைப்படையில் படிவம் 1059 எனப்படும் பயிற்சிப் பள்ளி மதிப்பீட்டு அறிக்கையோ வேண்டும். சேவையில் இருக்கும்போதே பார்த்திருந்தால் பிரிவின் பயிற்சி அலுவலகத்திலேயே முடிந்திருக்கும். வெளியே வந்தபின் ஆவணங்கள் கையில் இல்லையென்றால் படிவம் எஸ்.எப். 180 மூலம் பணிக்கோப்பின் நகலைக் கேட்டு வாங்கலாம். நேரம் பிடிக்கும், இன்றே தொடங்குவது நல்லது. விடுவிப்புச் சான்றான டிடி 214இன் 'மெம்பர் 4' பிரதியையும் எடுத்து வைக்கட்டும். விடுவிப்பு எந்த வகை என்பது அந்தப் பிரதியில் இருக்கும், சுருக்கப் பிரதியில் இருக்காது. கல்லூரிகள் கேட்பது அதைத்தான்.

இனி மெடிக் விஷயம். இங்கேதான் எதிர்பார்ப்புக்கும் கிடைப்பதற்கும் இடைவெளி அதிகம். 68டபிள்யூ ஆக அவர் பத்து வார அடிப்படைப் பயிற்சியும், சான் அன்டோனியோவில் உள்ள ஃபோர்ட் சாம் ஹூஸ்டனில் பதினாறு வார மருத்துவப் பயிற்சியும் முடித்திருப்பார். நடுவே தேசிய அவசர மருத்துவப் பதிவேட்டின் இ.எம்.டி (அவசர மருத்துவ உதவியாளர்) தேர்வில் தேறியிருப்பார். அடிப்படைப் பயிற்சி பெரும்பாலும் உடற்கல்வி, முதலுதவி போன்ற தலைப்புகளில் சில கிரெடிட்டுகளைத் தரும். பல கல்லூரிகளில் உடற்கல்வி நிபந்தனை அதோடு தீர்ந்துவிடும். மருத்துவப் பயிற்சி அவசர மருத்துவத் தலைப்புகளில் நல்ல எண்ணிக்கை தரும்.

ஆனால் நர்சிங்குக்கு முன்தேவையான உடற்கூறியலும் உடலியங்கியலும் இரண்டு செமஸ்டர், ஆய்வகத்தோடு. நுண்ணுயிரியல் ஒரு செமஸ்டர், அதுவும் ஆய்வகத்தோடு. மெடிக் பயிற்சி இவற்றுக்கு ஈடாக ஏற்கப்படுவது மிகக் குறைவு. காயத்தைக் கட்டத் தெரியும், ரத்தப்போக்கை நிறுத்தத் தெரியும், ஆனால் சிறுநீரகம் உப்பை எப்படிக் கையாள்கிறது என்ற ஆழத்துக்கு அந்தப் பயிற்சி போவதில்லை. மருத்துவமனைப் பயிற்சி நேரங்களை மாநில நர்சிங் வாரியமும் அங்கீகார அமைப்பும் கட்டுப்படுத்துவதால் கல்லூரி விரும்பினாலும் தள்ளுபடி செய்ய இடம் குறைவு. இங்கே முட்டி மோதுவதில் பயனில்லை என்பது என் கருத்து. அதைவிட நல்ல வழி, ராணுவ மெடிக்குகளுக்கென்றே வடிவமைத்த இணைப்புப் பாடத்திட்டம் வைத்திருக்கும் கல்லூரிகளைத் தேடுவது. அவை முன்னாள் மெடிக்கை எல்.பி.என் (உதவி நிலை நர்ஸ்) நிலைக்கோ, நேராக ஆர்.என் (முழுப் பதிவு பெற்ற நர்ஸ்) நிலைக்கோ கொண்டுபோகும். எந்த அடிப்படைப் பாடத்தைத் தாண்டலாம் என்பது அங்கே வாரியத்தின் ஒப்புதலோடு ஏற்கெனவே தீர்மானமாகியிருக்கும். இ.எம்.டி பதிவு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. அது காலாவதியாகிவிட்டால் இத்தகைய திட்டங்களில் சேர்க்கையே சிக்கலாகும். அதை முதலில் சரிபாருங்கள்.

இன்னொரு விஷயம், ஒரே கற்றலுக்கு இரண்டு முறை கிரெடிட் இல்லை. அடிப்படைப் பயிற்சியிலும் முதலுதவி வரும், மெடிக் பயிற்சியிலும் வரும், பணி அனுபவப் பகுதியிலும் வரும். ஜே.எஸ்.டியில் மூன்றையும் கூட்டிப் பார்த்துப் பெரிய எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொள்பவர்கள் கல்லூரி அதைக் குறைக்கும்போது ஏமாற்றியதாக நினைக்கிறார்கள். கல்லூரிப் பதிவாளரான ரிஜிஸ்ட்ரார் செய்வது சரியே.

எந்த வரிசையில் செய்வது? முதலில் பட்டத்தை முடிவு செய்ய வேண்டும், பிறகு கல்லூரியை, அதன்பிறகே கிரெடிட்டை. தலைகீழாகச் செய்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். "அதிகம் தருகிறது" என்று ஒரு கல்லூரியில் சேர்ந்து, கிரெடிட் எதற்குப் பொருந்துமோ அந்தப் பட்டத்தைப் படித்து முடித்து, கடைசியில் நர்சிங் உரிமம் தராத ஒரு சுகாதாரப் பட்டத்தோடு நிற்பார்கள்.

இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு ஜே.எஸ்.டி அனுப்பியபின், சேர்க்கை ஆலோசகரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அவர் வேலை ஆள் சேர்ப்பது. ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் மதிப்பிடுபவரிடமும் நர்சிங் துறையிடமும் பேச வேண்டும். கேட்க வேண்டியது பட்டத் தணிக்கை அறிக்கை. எந்த ராணுவப் பயிற்சி, கல்லூரிக் கையேட்டின் எந்தப் பாட எண்ணுக்கு ஈடாக, எந்தப் பெட்டியில் வைக்கப்பட்டிருக்கிறது என்று அதில் இருக்கும். எழுத்தில், கையெழுத்துப் போடுமுன். சேர்ந்த பிறகு மதிப்பிடுகிறோம் என்று சொல்லும் இடத்தில் குறைந்தபட்சம் உத்தேசத் தணிக்கையாவது கேளுங்கள். அதற்கும் மறுத்தால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள் என்றே சொல்வேன்.

தணிக்கையில் "ராணுவ விருப்பப் பாடம் 30" என்று ஒரே கட்டியாக இருந்தால் அங்கே மேல்முறையீடு செய்ய இடமிருக்கிறது. பயிற்சியின் பாடத்திட்ட ஆவணத்தை எடுத்து, கல்லூரிப் பாடத்தின் சிலபஸ் பக்கத்தில் வைத்து, தலைப்பு வாரியாகப் பொருத்தி, துறைத் தலைவருக்கு அனுப்பலாம். முப்பதையும் ஒரேயடியாகக் கேட்காதீர்கள். நன்றாகப் பொருந்தும் இரண்டு மூன்று பாடங்களை மட்டும் கேளுங்கள். மருத்துவச் சொற்கள், முதலுதவி, சுகாதார அறிமுகம் போன்றவை மெடிக்குக்குப் பெரும்பாலும் கிடைக்கும்.

அடுத்தது பணம் சம்பந்தப்பட்ட ஒரு பொறி. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, அதனால் விரிவாக எழுதுகிறேன். 9/11க்குப் பிந்தைய ஜி.ஐ. பில், அதாவது முன்னாள் படைவீரர்களுக்கான கல்வி உதவித் திட்டம், வழக்கமாக 36 மாதப் படிப்புக்குச் செலவு தரும். நான்கு வருட முழுநேரச் சேவை என்றால் அவருக்கு நூறு சதவீதம் கிடைக்க வேண்டும். ஆனால் முன்னாள் படைவீரர் துறை, பட்டத்துக்குத் தேவையான பாடங்களுக்கு மட்டுமே பணம் கொடுக்கும். ஏற்கெனவே கிரெடிட் கிடைத்த பாடத்தைத் திரும்பப் படித்தால் கொடுக்காது. பட்டத்துக்கு வெளியே ஆசைக்குப் படித்தாலும் கொடுக்காது.

நர்சிங் படிப்பு சங்கிலி போல. உடற்கூறியல் ஒன்று முடித்தால்தான் இரண்டு, அதன்பின் நுண்ணுயிரியல், அதன்பின் நர்சிங் வகுப்பில் இடம். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு செமஸ்டர். மற்ற மாணவர்கள் அந்த இடைவெளிகளை வரலாறு, உளவியல், விருப்பப் பாடம் என்று நிரப்பிக்கொள்வார்கள். ராணுவக் கிரெடிட் அந்தப் பாடங்களையெல்லாம் முன்பே தீர்த்துவிட்டால் இவருக்கு அந்தச் செமஸ்டரில் படிக்க 4 கிரெடிட்தான் இருக்கும். ஜி.ஐ. பில் தரும் வீட்டு வாடகைப்படி, பாதி நேரத்துக்கும் மேல் படிப்பவருக்கே கிடைக்கும். 12 கிரெடிட் முழுநேரம் என்றால் 6 எடுத்தவர் சரியாகப் பாதி, அவருக்கு வாடகைப்படி இல்லை. 7 எடுத்தால் 58 சதவீதம், அருகில் உள்ள பத்தின் மடங்குக்கு மாற்றி 60 சதவீதப் படி கிடைக்கும். அந்த ஒரு கிரெடிட் வித்தியாசத்தில் மாத வாடகையே தொங்குகிறது.

கல்வி உதவித்தொகையிலும் இதே போன்ற சிக்கல் உண்டு. பெல் மானியம் (வசதி குறைந்த மாணவர்களுக்கானது) முதலான அமெரிக்க ஒன்றிய அரசின் உதவிக்கு, பட்டத்தின் கால அளவில் 150 சதவீதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. 120 கிரெடிட் பட்டம் என்றால் 180. கல்லூரி பட்டத்துக்காக ஏற்ற கிரெடிட் எல்லாம் அந்தக் கணக்கில் 'முயன்றவை' என்று சேரும். ஒருமுறை மேஜரை மாற்றினால் எல்லை நெருங்கிவிடும்.

அப்படியானால் கிரெடிட்டை மறுத்துவிடலாமா? சில கல்லூரிகள் தேவையில்லாத கிரெடிட்டை ஏற்றாமல் விட ஒப்புக்கொள்ளும். பல இடங்களில் ஏற்றிய பிறகு நீக்க முடியாது. ஜி.ஐ. பில் மாணவர் என்றால் இன்னொரு கட்டுப்பாடும் இருக்கிறது: ஒன்றிய விதிப்படி கல்லூரி அவரது முந்தைய கல்வி, பயிற்சி அனைத்தையும் எழுத்தில் பதிந்து, தகுந்த கிரெடிட் கொடுத்து, படிப்புக் காலத்தை அதற்கேற்பக் குறைத்து, அவருக்கும் தெரிவிக்க வேண்டும். ஆகவே ஜே.எஸ்.டியை மறைத்து வைக்க வழியில்லை, முயலவும் கூடாது. செய்யக்கூடியது, மிச்சமிருக்கும் பொதுப் பாடங்களை முதல் ஆண்டிலேயே அள்ளிக்கொள்ளாமல், சங்கிலிப் பாடங்களோடு செமஸ்டருக்கு ஒன்றிரண்டாகப் பரப்புவது. ஜி.ஐ. பில் பணத்துக்காக மாணவரின் பாடங்களைச் சான்றளிக்கும் கல்லூரியின் படைவீரர் சான்றளிப்பு அலுவலரோடு உட்கார்ந்து முதல் நாளே நான்கு ஆண்டு அட்டவணை போட வேண்டும். கடைசிச் செமஸ்டரில் மட்டும் முழுநேரத்தை எட்ட வெளிப்பாடம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும் சலுகை உண்டு. அதற்கு ஒரே ஒரு வாய்ப்புதான்.

அரசுக் கல்லூரி என்றால் மாநிலச் சட்டத்தையும் பாருங்கள். டெக்சாஸ் கல்விச் சட்டம் 51.3042ஆம் பிரிவு, குறைந்தது இரண்டு வருடம் சேவை செய்து கௌரவமாக விடுவிக்கப்பட்ட உயர்நிலைப் பள்ளிப் பட்டதாரிக்கு, பட்டத்துக்குத் தேவையான உடற்கல்விக் கிரெடிட் முழுவதையும், மேஜருக்கு வெளியே 12 வரை விருப்பப் பாடக் கிரெடிட்டையும் அரசுக் கல்லூரிகள் கொடுக்க வேண்டும் என்கிறது. நான் முன்னே சொன்ன "சேவைக்கே கிரெடிட்" என்பதன் அரிய உதாரணம் இது. ஆனால் விருப்பப் பாட இடம் இல்லாத பட்டத்தில் அந்த 12ம் பயன்படாது. ஓஹையோ வேறு வழியில் போனது. 2014இல் வந்த சட்டத்தின் தொடர்ச்சியாக, குறிப்பிட்ட ராணுவப் பயிற்சி மாநிலத்தின் எந்த அரசுக் கல்லூரியிலும் குறிப்பிட்ட பாடத்துக்கு ஈடு என்று உறுதி தரும் வழிகாட்டிகளை உருவாக்கியது. மாணவருக்கு உண்மையில் உதவுவது இந்த முறை. எண்ணிக்கையை அல்ல, இடத்தை உறுதி செய்கிறது. மின்னசோட்டா, கலிபோர்னியா, ஃபுளோரிடா ஆகியவற்றிலும் தனிச் சட்டங்கள் உண்டு.

செக்யூரிட்டி பிளஸ் பற்றிக் கேட்டீர்கள். ஏ.சி.இ ராணுவத்துக்கு வெளியே உள்ள தொழிற்பயிற்சிகளையும் சான்றிதழ்களையும் 1974 முதல் மதிப்பிடுகிறது. செக்யூரிட்டி பிளஸ் உள்ளிட்ட காம்ப்டியா அமைப்பின் சான்றிதழ்கள் அந்தப் பட்டியலில் உண்டு. நியூயார்க்கில் தோன்றிய தேசியக் கல்லூரிக் கிரெடிட் பரிந்துரைச் சேவையும் இதே வேலையைச் செய்கிறது. இவை ஜே.எஸ்.டியில் தானாக வராது, தனி டிரான்ஸ்கிரிப்ட் கேட்டு அனுப்ப வேண்டும். காம்ப்டியா சான்றிதழ் மூன்று ஆண்டில் காலாவதியாகும், பல கல்லூரிகள் நடப்பில் இருப்பதையே ஏற்கும். கணினித் துறைப் பட்டம் என்றால் நேராக ஒரு மேஜர் பாடத்தைத் தீர்க்கும். நர்சிங்கில் அதற்கு இடமில்லை. அவர் மனம் மாறிச் சுகாதாரத் தகவல் தொழில்நுட்பம் பக்கம் போனால் மெடிக் பயிற்சி, செக்யூரிட்டி பிளஸ் இரண்டுமே கழியும். யோசிக்கத் தகுந்த வழி.

பொதுக் கல்வியில் ஓட்டை இருந்தால் அதை அடைக்க, வகுப்புக்குப் போகாமலே எழுதிக் கிரெடிட் பெறும் கிளெப், டி.எஸ்.எஸ்.டி போன்ற தேர்வுகள் உண்டு. கிளெப் தேர்வு 20 முதல் 80 வரையான அளவுகோலில் 50 எடுத்தால் ஏ.சி.இ பரிந்துரை கிடைக்கும். டி.எஸ்.எஸ்.டி தேர்வில் பொதுவாக 400. ஒரு தேர்வுக்கு வழக்கமாக 3 கிரெடிட், சிலவற்றுக்கு 6. சேவையில் இருப்பவர்களுக்கு முதல் முயற்சிக் கட்டணத்தை பாதுகாப்புத் துறை ஏற்கிறது. அவர் வெளியே வந்துவிட்டதால் ஜி.ஐ. பில் வழியாகத் திரும்பப் பெற விண்ணப்பிக்க வேண்டும், அதற்கேற்ப அந்த 36 மாத உரிமைக் காலத்தில் கொஞ்சம் கழியும். கிளெப்பில் தவறினால் அதே தேர்வை மூன்று மாதம் கழித்துத்தான் எழுத முடியும். பதிவு செய்யுமுன் கல்லூரி எந்தத் தேர்வை எந்த மதிப்பெண்ணில் ஏற்கிறது என்று பாருங்கள். சில துறைகள் 50ஐ ஏற்காமல் கூடுதல் கேட்கும்.

மதிப்பிடப்படாத பயிற்சிக்கு இருக்கும் கடைசி வழி கோப்புமுறை மதிப்பீடு. எடுத்துக்கொண்ட கல்லூரிப் பாடத்தின் கற்றல் இலக்குகளை ஒவ்வொன்றாக எழுதி, அதை எங்கே கற்றேன், எப்படிப் பயன்படுத்தினேன், ஏன் அது அப்படி வேலை செய்கிறது என்று விளக்கி, சான்றுகளை இணைத்துக் கொடுக்க வேண்டும். அந்தத் துறைப் பேராசிரியர் படித்து முடிவு செய்வார். பெரும்பாலான கோப்புகள் தோற்பது ஒரே காரணத்தால்: செய்ததைச் சொல்லியிருப்பார்கள், கற்றதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். "இருபது பேருக்குப் பயிற்சி கொடுத்தேன்" என்பது அனுபவம். "ஒரு வயது வந்தவருக்குக் கற்பிக்கும்போது செய்துகாட்டி, கூடச் செய்து, தனியே விடுவது ஏன் பலன் தருகிறது" என்று எழுதினால் அது கற்றல். மதிப்பீட்டுக்குக் கட்டணம் உண்டு, கிரெடிட் கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. ஒரு பாடத்துக்கு மட்டும் முயன்று பார்த்துவிட்டு மேலே போகலாம்.

கல்லூரி மாறும் எண்ணம் இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளட்டும். முதல் கல்லூரி ஏற்ற ராணுவக் கிரெடிட் இரண்டாம் கல்லூரிக்குக் கூடவே வராது. அங்கே மூல ஜே.எஸ்.டியிலிருந்து புதிதாக மதிப்பிடுவார்கள். அந்தக் கிரெடிட்டுகளுக்கு மதிப்பெண் கிடையாது, சராசரியை உயர்த்தவும் செய்யாது. பிற்பாடு மருத்துவப் பள்ளி போன்ற போட்டியான இடத்துக்கு விண்ணப்பிக்கும் நோக்கம் இருந்தால் அறிவியல் பாடங்களைக் கல்லூரியிலேயே மதிப்பெண்ணோடு படிப்பதுதான் புத்திசாலித்தனம், இலவசமாகக் கிடைத்தாலும். ஓராண்டு இடைவெளி விட்டால் கல்லூரி புதிய கையேட்டின் கீழ் சேர்க்கும், அதில் கிரெடிட் விதிகளே மாறியிருக்கலாம். வட்டார அங்கீகாரம், தேசிய அங்கீகாரம் என்ற பாகுபாட்டை ஒன்றியக் கல்வித் துறை 2020 முதல் விதிகளிலிருந்து எடுத்துவிட்டாலும், கிரெடிட் மாற்றும்போது பல கல்லூரிகள் இன்றும் அதைப் பார்க்கின்றன. நர்சிங்குக்கோ, கல்லூரியின் அங்கீகாரத்தோடு நர்சிங் திட்டத்தின் அங்கீகாரமும் மாநில வாரியத்தின் ஒப்புதலும் தனித்தனியாக வேண்டும்.

இப்போது அந்த இரண்டு கல்லூரிகளுக்கும் அவர் ஒரே மின்னஞ்சலை அனுப்பட்டும். 41, 9 என்பவை செமஸ்டர் கிரெடிட்டா, அதைவிடச் சிறிய அலகான குவார்ட்டர் கிரெடிட்டா? (41 குவார்ட்டர் என்றால் ஏறக்குறைய 27 செமஸ்டர்தான்.) ஒவ்வொரு கிரெடிட்டும் எந்தப் பாட எண்ணுக்கு ஈடாகிறது? இவற்றில் எத்தனை நர்சிங் பட்டத்துக்குள் கழியும், எத்தனை வெளியே நிற்கும்? முன்தேவைப் பாடங்களில் ஏதேனும் தீருமா? பட்டத்துக்கு இன்னும் எத்தனை கிரெடிட், எத்தனை செமஸ்டர்? ஒவ்வொரு செமஸ்டரிலும் ஜி.ஐ. பில்லுக்குச் சான்றளிக்கக்கூடிய கிரெடிட் எத்தனை? இந்த ஆறுக்கும் எழுத்தில் பதில் வந்ததும் இரண்டு தணிக்கைகளையும் இங்கே இடுங்கள். பெயர், அடையாள எண்ணை மறைத்துவிட்டு. எந்த வரியை மேல்முறையீடு செய்யலாம் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியும்.